ஒரு கரண்டி கெட்டிப்பொடி

போன வார அத்தியாயத்தில் இந்தக் குடும்பத்தை ஸ்கேன் அறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார வைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். ஏழு நாள் அதில் உட்கார்ந்தால் யாருக்கும் இடுப்பு விட்டுப்போகும். எழுப்பிவிடலாம்.

நடு நாற்காலியில் இருப்பவர் டைல்ஸ்காரர். முப்பது வருஷம் அடுத்தவர் வீட்டுத் தரையில் மண்டியிட்டு வேலை பார்த்தவர். அதில் இருபது வருஷம், பொழுது சாய்ந்தால் குடித்தவர். கல்லீரலில் தழும்பு விழுந்து இறுகிக்கொண்டு வருகிறது என்று பத்து மாதத்துக்கு முன்னால் டாக்டர் சொன்னார். அன்றோடு நிறுத்தினார். நிறுத்தினார் என்று நான் சொல்கிறேன். இந்த அத்தியாயத்தில் எல்லாரும் அப்படிச் சொல்லப் போவதில்லை.

இடப்பக்கம் மகள். சாஸ் ஆலையில் கலவை அறைக்குச் சரக்கு எடை போட்டுக் கொடுக்கிறவள். ஒரு கிராம் கூடினாலும் மூட்டையைத் திருப்பி அனுப்புவாள் என்பதால் அப்பா அவளுக்கு வைத்த பெயர் தராசு. வலப்பக்கம் பெரியவன், லிஃப்ட் மெக்கானிக். வேலைச் சட்டையோடு வந்திருந்தான். அம்மாவுக்குச் சலவைக்கடையில் இஸ்திரி மேசையை விட்டு நகர முடியவில்லை.

ஸ்கேன் மெஷின் விலாவில் ஒரு குமிழை அழுத்திப் பார்த்து ஒரு எண் சொல்லும். எண் ஏறினால் கல்லீரல் இறுகுகிறது, இறங்கினால் இளகுகிறது. முதல் தடவை பதிமூன்று புள்ளி எட்டு. ஐந்து மாதம் கழித்துப் பத்து புள்ளி ஒன்பது. குடியை விட்டு, வாயைக் கட்டினால் தழும்பு மெல்லக் கரையவும் கூடும் என்று டாக்டர் சொன்னது பலித்துவிட்டது என்று வீடே சிரித்த நாள் அது. வாசகர்களே, உங்களில் பாதிப் பேர் அன்றைக்கு எனக்கு வாழ்த்துக் கடிதம் எழுதினீர்கள், ஏதோ நான்தான் கல்லீரல் மாதிரி.

அன்று ராச்சாப்பாட்டில்தான் டைல்ஸ்காரர் ஒரு குறை சொன்னார். "எல்லாம் சரிதான். இந்த உப்பில்லாத சூப்புதான் வெந்நீர் மாதிரி தொண்டையில நழுவுது."

மறுநாளே மகள் ஆலையிலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்தாள். சாஸ் தண்ணீராக ஓடாமல் நிற்பதற்காகப் போடுகிற வெள்ளைப் பொடி. உப்பு இல்லை, சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை. ஆஸ்பத்திரி கொடுத்த விலக்குப் பட்டியலில் இல்லாத ஒரே பொருள் அதுதான் போலிருந்தது. அம்மா ஒரு கரண்டி போட்டுக் கலக்கினாள். சூப் கெட்டியானது, டைல்ஸ்காரர் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். "நான் தரைக்குப் பூசுன பசை மாதிரியே பிடிக்குதே!" என்று சிரித்தார். அன்றிலிருந்து மூன்று வேளையும் அந்த டப்பா திறந்தது.

இப்போது கதவும் திறந்தது. ஸ்கேன் முடிந்து மூவரும் டாக்டரம்மா முன்னால் போனார்கள்.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார், டைல்ஸ்காரரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"பன்னெண்டு புள்ளி ஏழு."

"ஏறியிருக்கு," என்றார் அவர், அது புரியாமலா எல்லாரும் வாயடைத்துப் போயிருக்கிறார்கள் என்று யோசிக்காமல். "ஒளிக்காம சொல்லுங்க. மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இல்லீங்கம்மா."

"ஒரு நாள்? ஏதாவது விசேஷத்துல?"

"ஒரு சொட்டு இல்லீங்க."

பெரியவன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவன் மூச்சை இழுத்து விட்டது அறை முழுக்கக் கேட்டது. அந்த 'ஒரு சொட்டு இல்லை'யைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் அவன். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் கேட்டிருக்கிறான், தன் கல்யாணப் பந்தலில் கேட்டிருக்கிறான்.

டாக்டரம்மா ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். "கொஞ்ச வாரமா தொடர்ந்து குடிச்சிருந்தா இதுல தெரிஞ்சிடும். ரிப்போர்ட் அடுத்த செவ்வாய்க்கிழமை வரும். கீழே சாப்பாட்டு ஆலோசகரையும் பார்த்துட்டுப் போங்க."

வெளியே வந்ததும் பெரியவன் போனை எடுத்துப் பார்த்தான். "எங்கேயோ லிஃப்ட்டுல ஆள் மாட்டியிருக்காங்களாம். நான் கிளம்பறேன்."

"அண்ணா, கொஞ்சம் இரு."

"எதுக்கு? அவரு கையைப் பிடிச்சு ஊசி போடறதைப் பாக்கவா? சாயங்காலம் வீட்டுக்கு வரேன். அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்." அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே படி இறங்கிப் போனான்.

டைல்ஸ்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "அவன் மேல தப்பில்ல தராசு. நான் சேர்த்து வெச்ச பேரு அப்படி," என்றார்.

சாப்பாட்டு ஆலோசகர் சின்னப் பெண். மேசையில் ரப்பரில் செய்த பழங்கள், ரப்பரில் செய்த ரொட்டி. காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். தராசு கிராம் கணக்கில் பதில் சொன்னாள். ரொட்டி இத்தனை, காய்கறி இத்தனை, பால் இத்தனை. ஆலோசகப் பெண்ணே அசந்துபோனாள்.

"பாக்கெட்டுல வர்ற எதுவும்? ஐஸ்கிரீம், சாஸ், உடனடி சூப்?"

"எதுவுமே இல்ல. எல்லாம் அம்மா கையால."

"அந்தப் பொடியைச் சொல்லலியேம்மா," என்றார் டைல்ஸ்காரர். எதையும் ஒளிக்கவில்லை என்று காட்ட அவருக்கு அன்றைக்கு ஒரு வெறி. "என் பொண்ணு வேலை செய்யுற இடத்துலேர்ந்து கொண்டு வந்தது. சூப்பு கெட்டியாக."

பேனா நின்றது. "என்ன பொடி?"

தராசு பெயரைச் சொன்னாள். ஆலையில் மூட்டை மேல் அச்சடித்திருக்கும் நீளமான பெயர். ஆலோசகப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எவ்வளவு போடறீங்க?"

"ஒரு கரண்டி."

"கிராம்ல?"

தராசு வாயைத் திறந்தாள். ரொட்டியை நிறுத்தவள், பாலை அளந்தவள், அதை மட்டும் நிறுக்கவே இல்லை. அது சாப்பாட்டுக் கணக்கிலேயே வரவில்லை. மனசுக்குள் கரண்டியைத் தூக்கிப் பார்த்தாள். குவித்துப் போட்டால் மூன்று கிராமுக்குக் குறையாது. மூன்று வேளை. ஐந்து மாதம். நூறு கிலோ சாஸுக்கு நானூறு கிராமுக்கு மேல் போகக் கூடாது என்று தினமும் கையெழுத்துப் போடுகிறவள் அவள். அந்தக் கணக்குப்படி அப்பாவின் ஒரு கிண்ணத்துக்கு ஒரு கிராமே அதிகம்.

அதைச் சொன்னாள்.

"பயப்படாதீங்க," என்றாள் ஆலோசகப் பெண். "பொடிதான் காரணம்னு நான் சொல்லல. எடை, சர்க்கரை, எத்தனையோ இருக்கு. இந்த மாதிரிச் சேர்மானம் குடலோட உள்பூச்சைக் கெடுக்கலாம், அதனால கல்லீரலுக்கு எரிச்சல் போய்ச் சேரலாம், ஆற வேண்டிய தழும்பு ஆறாம நிக்கலாம்னு ஒரு சந்தேகம் இருக்கு. பெரும்பாலும் எலிகளை வெச்சுப் பார்த்ததுதான். மனுஷங்கள்ல உறுதியா யாருக்கும் தெரியாது. ஆனா இவ்வளவு, இத்தனை நாள், ஏற்கெனவே நோவு பட்ட உடம்புல... இன்னையோட நிறுத்திடுங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன் பார்க்கலாம்."

"கரையுமா?" என்று கேட்டார் டைல்ஸ்காரர்.

"கரையணும்னுதான் நினைக்கறோம்."

நினைக்கிறோம் என்றுதான் சொன்னாள். அதற்கு மேல் கேட்க அவர்களுக்குத் தைரியம் வரவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நிழல் ஒரு ஆள் நிற்கும் அளவுதான் இருந்தது. அதை மகளுக்குக் கொடுத்துவிட்டு டைல்ஸ்காரர் வெயிலில் நின்றார்.

"நான்தான்ப்பா கொண்டு வந்தேன். நான்தான்."

"நீ நல்லதுக்குக் கொண்டு வந்த. நான் ருசிச்சுச் சாப்பிட்டேன். விடு." உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். "எங்க பசையிலயும் இந்த மாதிரி ஒண்ணு கலப்பாங்க. பூசினது வழியாம நிக்கறதுக்கு. வாயில வெச்ச அன்னிக்கே எனக்கு அந்த வழவழப்பு தெரிஞ்சுது. சிரிச்சேன், அவ்வளவுதான். எனக்கும் புத்தி இல்ல."

"வீட்டுக்குப் போனதும் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். அண்ணன் உங்களை இப்படிப் பாக்கறது எனக்குத் தாங்கலப்பா."

"சொல்லாதே."

"என்னப்பா?"

"அம்மாவுக்குத் தெரியக் கூடாது. இருபது வருஷம் அவ கெஞ்சினா, அழுதா, பட்டினி கிடந்தா. ஒண்ணும் நடக்கல. இந்த ஒரு கிண்ணம் சூப்பாலதான் நான் பிழைச்சேன்னு இப்போ நம்பறா. இஸ்திரி மேசையில நிக்கறவங்க எல்லார்கிட்டயும் அதையே சொல்றாளாம், 'என் கைதான் அவரை எழுப்பிச்சு'ன்னு. அந்தக் கைதான் இந்தப் பொடியையும் எனக்குள்ள இறக்குச்சுன்னு எப்படிச் சொல்லுவ?"

"அப்போ உங்க பேரு?"

"என் பேருக்கு என்ன, புதுசாவா கெடப் போகுது?"

பஸ் வந்தது. அவரை ஏற்றிவிட்டு அவள் மீதி அரை நாள் வேலைக்கு எதிர்ப் பக்க பஸ் பிடித்தாள்.

கலவை அறையில் அன்றைக்கும் அதே மூட்டை அவளுக்காகக் காத்திருந்தது. நானூறு கிராம் நிறுத்தாள். முள் சரியாக நின்றது. புதிதாகச் சேர்ந்த ஒருத்தி பொடியை மொத்தமாகத் தொட்டியில் சாய்க்கப் போனாள்.

"ஏய், ஏய்! தண்ணியில மொத்தமா கொட்டாதே. கட்டி கட்டியா போயி, பிசின் மாதிரி ஒட்டிக்கும், அப்புறம் கழுவவே முடியாது. சுத்தற தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா தூவு." இந்தப் பாடத்தைப் பத்து வருஷமாகச் சொல்கிறாள்.

இடைவேளையில் தரப் பரிசோதனைக்காரரிடம் போய் நின்றாள். "சார், இந்தப் பொடி உடம்புக்குக் கெடுதலா?"

அவர் டீயை உறிஞ்சினார். "அளவுக்குள்ள போட அனுமதி இருக்கு. சாதாரண ஆளுக்குப் பிரச்சனை இல்லைன்னுதான் வெச்சிருக்காங்க. அளவு என்னன்னு உனக்குத் தெரியாதா? நீதானே எடை போடறே?"

மூட்டை மாறும்போது அடியில் மிஞ்சுவதைக் குப்பையில்தான் போட வேண்டும். வீணாகிறதே என்று அவள் அள்ளிக்கொண்டு போனாள். அதில் எழுதி வைக்க எதுவும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அதனால்தான் ஒரு நாளும் உறைக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வாசலில் அண்ணனின் பைக். உள்ளே நுழைந்தாள். அப்பாவின் பழைய சாமான் பை கூடத்தில் கவிழ்ந்து கிடந்தது. கரணை, ரசமட்டம், டைல்ஸ் வெட்டும் கத்தி எல்லாம் தரையில். கட்டிலுக்கு அடியிலிருந்த அட்டைப்பெட்டிகள் பிரிந்து கிடந்தன. கழிப்பறைத் தொட்டியின் மூடிகூடத் திறந்திருந்தது. பெரியவன் சட்டையெல்லாம் ஒட்டடை.

"எங்க வெச்சிருக்கீங்கன்னு நீங்களே சொல்லிடுங்க," என்றான். "நான் தேடிக் களைச்சுட்டேன்."

டைல்ஸ்காரர் கட்டில் ஓரத்தில், திட்டு வாங்கிய பிள்ளை போல முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அம்மா அடுக்களை வாசலில் நின்றாள். சலவைக்கடையிலிருந்து வந்தவள் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை.

"அண்ணா, போதும். அப்பா குடிக்கல," என்றாள் தராசு.

"உனக்கு எப்படித் தெரியும்? அந்த எண் பொய் சொல்லுமா?"

அம்மா மெதுவாக வந்து கணவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "என்னங்க. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. குடிச்சீங்களா?"

அவர் தரையில் கிடந்த கரணையைப் பார்த்தார்.

"இல்லைன்னு சொல்லுங்க, நான் நம்பறேன். இந்தப் பத்து மாசமா நான் உங்களை நம்பிட்டுதான் இருக்கேன்." பிறகு அவளே, தனக்குள் யோசிக்கிற மாதிரி, "குடிக்கலைன்னா எதனால ஏறுச்சு? வெளியில நீங்க எதுவும் சாப்பிடறதில்ல. நான் குடுக்கறதுதானே உள்ளே போகுது? அப்போ நான் போடறதுல ஏதாவது..."

அவள் பார்வை அடுக்களைப் பக்கம் திரும்பியது. அலமாரியில் மூடி போட்ட வெள்ளை டப்பா. அதன் மேல் அவள் கையெழுத்தில் 'அப்பாவுக்கு' என்று ஒட்டியிருந்தது, வேறு யாரும் தொடக் கூடாது என்பதற்காக.

"குடிச்சேன்," என்றார் டைல்ஸ்காரர்.

"அப்பா!" என்றாள் தராசு.

"நீ சும்மா இரு. குடிச்சேன். ஒரு மாசமா. வெளியிலயே குடிச்சுட்டு வந்துடுவேன், அதான் இங்கே ஒண்ணும் கிடைக்கல." பெரியவனைப் பார்த்து ஏதோ உதவி செய்கிற மாதிரி தலையசைத்தார். "தேடாதேப்பா. எல்லாத்தையும் எடுத்து வை."

ஒரு மாசமாக அவர் வீட்டு வாசலைத் தாண்டியதே நாலு தடவைதான். இவர்கள் யாரும் அதை எண்ணிப் பார்க்கவில்லை. அந்தப் பொய்க்கு ஆயுசு அடுத்த செவ்வாய் ரத்த ரிப்போர்ட் வரும் வரைதான் என்றும் யாருக்கும் தோன்றவில்லை, தராசைத் தவிர.

பெரியவன் கத்துவான் என்று நினைத்தாள். அவன் கத்தவில்லை. ரசமட்டத்தை எடுத்துத் துடைத்துப் பைக்குள் வைத்தான். "அம்மாவை நான் என்கூடக் கூட்டிட்டுப் போறேன்," என்றான். "அவரு இஷ்டப்படி குடிக்கட்டும்."

அம்மா கையூன்றி எழுந்தாள். அழவில்லை. "நான் எங்கேயும் வரல. வயிறு காலியா இருந்தாத்தான் அந்த நெனப்பு வரும். இனிமே ரெண்டு கரண்டியா போடறேன். சூப்பு அடுப்புல இருக்கு."

அவள் முகம் கழுவப் பின்பக்கம் போனாள். தராசுக்கு இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான். அடுக்களைக்குள் ஓடி டப்பாவை எடுத்தாள். போன வாரம்தான் விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்திருந்தாள். குப்பைக்கூடை கூடத்தில் இருந்தது, அங்கே அண்ணன். பின்கதவில் அம்மாவின் காலடி. கை தவறிக் கொட்டிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று, அப்படியே சிங்கில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டாள்.

பத்து வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவள் மறந்த நாள் அது.

பொடி போகவில்லை. தண்ணீர் பட்டதும் ஊறி, உப்பி, கட்டி கட்டியாகத் திரண்டு, சிங்க் ஓட்டையை அடைத்துக்கொண்டது. குழாயை இன்னும் திறந்தாள். இன்னும் பொங்கியது. விரல் விட்டுத் தள்ளினாள். விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"என்னடி இது?"

"கை தவறி விழுந்துடுச்சும்மா."

"அய்யோ, அப்பாவோட பொடி!" அம்மா அவளை விலக்கிவிட்டு இரண்டு கையையும் உள்ளே விட்டாள். அள்ளினாள். அள்ளியது விரல்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு மறுபடி விழுந்தது. பாத்திரம் தேய்க்கிற நாரால் சுரண்டினாள். ஒட்டியிருந்தது நகரவில்லை. வெந்நீர் ஊற்றினாள். அதற்கும் அசையவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் கை வேகம் குறைந்தது. பிறகு நின்றுவிட்டது.

ஒரு கை நிறைய அந்தக் கூழை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். அது சொட்டவில்லை. அவள் உள்ளங்கையில் அப்படியே இருந்தது. கூடத்தில் பெரியவன் பையின் ஜிப்பை மூடும் சத்தம் கேட்டது.

"இதுவா," என்றாள் அம்மா, "இதையா நான் மூணு வேளையும்...?"

தராசு குழாயை மூடினாள். சொல்ல வேண்டிய பதில் ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அப்பா தலை நிமிர்வார், அம்மா ஒடிந்துபோவாள்.

"அவரு குடிச்சேன்னு எதுக்குச் சொன்னாரு?" என்று கேட்டாள் அம்மா.

கூடத்திலிருந்து டைல்ஸ்காரரின் குரல் வந்தது, எப்போதும் சாப்பாட்டு வேளையில் வருகிற அதே குரல். "சூப்பு ஆயிடுச்சாம்மா? எனக்குப் பசிக்குது."

அம்மா கையைக் கழுவிக்கொள்ளாமலே நின்றாள்.